இடது பின்சீட்

அத்தியப்பனின் புதுக் கார் செம்மாம்பாளையத்துக்கு வந்த அன்று லாரிப்பேட்டையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஏற்றுவதை நிறுத்தினார்கள், இறக்கிக்கொண்டிருந்தவர்கள் இறக்குவதை நிறுத்தினார்கள், பங்சர் போட்டுக்கொண்டிருந்தவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே குமிழ்விட விட்டுவிட்டு ஈரக் கையோடு வந்து நின்றார். கார் ஊர்ந்து வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கறுப்பு என்று சொன்னால் நீலமாகவும், நீலம் என்று சொன்னால் கறுப்பாகவும் தெரிந்த அதன் உடம்பில் பேட்டையின் எல்லா லாரிகளும் தலைகீழாக வளைந்து தெரிந்தன.

கோயம்புத்தூரிலிருந்து காரோடு வந்திருந்த கம்பெனிப் பெண், எண்ணெய் படிந்த தரையில் தன் குதி உயர்ந்த செருப்பைப் பார்த்துப் பார்த்து வைத்து, காரைச் சுற்றி வந்து விளக்கினாள். கதவை அறைய வேண்டியதில்லை, விரலால் தொட்டால் போதும், மிச்சத்தை அதுவே இழுத்து மூடிக்கொள்ளும். கண்ணாடி இரண்டு அடுக்கு, பக்கத்தில் ஏர்ஹாரன் அடித்தாலும் உள்ளே இருப்பவர் தன் மூச்சைத்தான் கேட்பார். நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு பேருக்கும் நான்கு விதமான குளிர். முன்னால் வரும் பள்ளத்தைக் கேமரா பார்த்துச் சக்கரத்துக்குச் சொல்லிவிடும், சக்கரம் தன்னைத் தளர்த்திக்கொள்ளும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் விதத்தை வைத்தே அவர் களைத்திருக்கிறாரா என்று கார் கண்டுபிடித்துவிடும், களைத்திருந்தால் திரையில் ஒரு காபிக் கோப்பை எரியும், கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று ஒரு குரல் சொல்லும்.

"எங்க வண்டில அந்தக் கோப்பைய வெச்சா, சாவி போட்டதுல இருந்து அஸ்ஸாம்ல எறக்கற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டேதாங்க இருக்கும்" என்றார் நாச்சிமுத்து. அத்தியப்பனிடம் இருபது வருஷத்துக்கு மேலாக லாரி ஓட்டுபவர். "காபிச் செலவு முதலாளியோடதா?" என்று இன்னொருவர் கேட்க, அத்தியப்பனும் சேர்ந்து சிரித்தார்.

கடைசியாக அவள் இடது பக்கப் பின்சீட்டைக் காட்டினாள். இதற்காகத்தான் இந்தக் காரை வாங்குகிறார்கள் என்றாள். ஒரு பொத்தானைத் தொட்டதும் முன்சீட் பணிவாக விலகிப் போயிற்று, காலுக்கு ஒரு பலகை எழுந்து வந்தது, கழுத்துக்கு ஒரு தலையணை தன்னைச் சரிசெய்துகொண்டது. தோலுக்கு அடியில் காற்றுப் பைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவிட்டு, சூடான கற்களைப்போல முதுகெலும்பின் வழியே ஏறி இறங்கின. உட்காருபவரின் உடம்பை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று பொத்தான்கள் இருந்தன. "களைப்பு முழுக்கப் போயிரும் சார்" என்றாள். எல்லா ஊரிலும் அவள் அதைச் சொல்வதுதான். செம்மாம்பாளையத்தில் அது அப்படியே நடந்தது.

அத்தியப்பன் அந்தச் சீட்டில் உட்காரவில்லை. கிளீனராகத் தொடங்கி லாரியின் முன்பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர், பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும். தவிரவும் செம்மாம்பாளையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. லாரி முதலாளி புதிதாகக் கார் வாங்கினால், அவரிடம் ஓட்டும் டிரைவர்களில் அடுத்து யாருக்குக் கல்யாணமோ அவனுடைய மாப்பிள்ளை அழைப்புக்குத்தான் கார் முதலில் போக வேண்டும். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை, பேண்டு செட்டுக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில் போகும். மணப்பெண் காரில் ஏறுவதில்லை. அவள் பெண்வீட்டு வேனில் முன்கூட்டியே போய் மண்டபத்து அறையில் காத்திருப்பாள். மாப்பிள்ளை உட்கார்ந்த சீட்டில் பிறகு யாரும் மாலை இல்லாமல் உட்காரவும் கூடாது. முதலாளியின் கார் டிரைவர் குப்பண்ணன் இந்த விஷயத்தில் கறாரானவர். இதற்கு முந்தைய காரில் மாலை போடாமல் ஏறிய ஒரு எம்.எல்.ஏ.வையே இறக்கி முன்சீட்டில் உட்காரவைத்தவர்.

அடுத்த கல்யாணம் பூபதிக்கு இருந்தது. பெண், பேட்டையின் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சென்னியப்பனின் மகள் மேகலா. பூபதி அவளுக்கு அத்தை மகன். பத்து வருஷத்துக்கு மேலாக வடக்கே லோடு ஓட்டிக்கொண்டிருந்தான். டிரிப் முடிந்து வரும்போதெல்லாம் வீட்டுக்குப் போகும் முன் லாரியின் முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவான், மேகலா டீ கொண்டுவந்து கொடுப்பாள், பாதி குடிப்பதற்குள் தூங்கிப்போவான். டம்ளர் சாயும் நேரம் அவளுக்குத் தெரியும். ஒரு சொட்டும் சிந்தாமல் அவன் விரல்களிலிருந்து அதை எடுத்துவிடுவாள். முழித்திருக்கும்போது அவன் அவளிடம் அதிகம் பேசியதில்லை. டம்ளரை அவளிடம் விட்டுவிடும் அந்த விரல்களைத்தான் அவள் கல்யாணம் செய்துகொள்ள ஒத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அழைப்பன்று குப்பண்ணன் பூபதியை இடது பின்சீட்டில் உட்காரவைத்து, சீட்டை அவன் உடம்புக்கு ஏற்றபடி சாய்த்து, ஒன்றாம் பொத்தானை அழுத்திப் பிடித்தார். மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து மசாஜையும் போட்டுவிட்டார். வெளியே வெடி வெடித்தது உள்ளே கேட்கவில்லை. கூரையின் ஓரமாக ஓடிய விளக்கு ரோஜா நிறத்திலிருந்து நீலத்துக்குப் போயிற்று, நீலத்திலிருந்து பச்சைக்குப் போயிற்று, மண்டபம் வந்தது. பூபதி இறங்கினான். அவனுடைய களைப்பு அவனோடு இறங்கவில்லை. சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் ஆழத்துக்கு ஒரு குழி விழுந்து, அது மேலே எழாமலே இருந்தது.

மறுநாள் தாலி கட்டிய கையோடு புது மாப்பிள்ளை பந்தலைப் பிரித்தான், சமையல் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்தான், வாடகை நாற்காலிகளை அடுக்கி டெம்போவில் ஏற்றினான், தேங்காய்ப் பை கொடுக்க ஆள் போதவில்லை என்று வாசலில் நின்று அதையும் கொடுத்தான். "மாப்பிள்ளைக்கு என்னா சுறுசுறுப்பு!" என்று கல்யாணத்துக்கு வந்திருந்த ஒறம்பரைகள் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே கவுகாத்திக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மாற்று டிரைவர் வேண்டாம் என்றான். மற்றவர்கள் பாதி தூரம் போகும் நேரத்துக்குள் போய் இறக்கி, அங்கிருந்து டீத்தூள் ஏற்றி, நாக்பூரில் இறக்கி, ஆரஞ்சு ஏற்றி, இப்படியே ஏற்றியும் இறக்கியும் போய்க்கொண்டிருந்தான்.

அடுத்தடுத்து மாப்பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், அடுத்தடுத்து மாப்பிள்ளைகள் களைப்பில்லாமல் இறங்கினார்கள். ஊர் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல கார், நல்ல விலை, அந்த விலைக்கு இதுகூடச் செய்யவில்லை என்றால்தான் ஆச்சரியம் என்று பேசிக்கொண்டார்கள். கல்யாணமாகிப் பல வருஷமான டிரைவர்களுக்குத்தான் மனக்குறை. மாலை இல்லாமல் அவர்கள் அந்தச் சீட்டில் உட்கார முடியாது, மாலை போட வேண்டுமென்றால் மாப்பிள்ளையாக வேண்டும். கடைசியில் நாச்சிமுத்துதான் வழி கண்டுபிடித்தார். அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள ஐயரைக் கூப்பிட்டார். அவருக்கு ஐம்பதுகூட ஆகியிருக்கவில்லை.

"வயசு கொறச்சலா இருக்கே" என்றார் ஐயர்.

"ரோட்டு வயசையும் சேத்துப் போட்டா எழுவதத் தாண்டிருச்சுங்க சாமி."

ஐயர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். அந்த வருஷம் செம்மாம்பாளையத்தில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டவர்களில் மீசை கறுத்தவர்களே அதிகம். பிறகு ஐயரும் மண்டபமும்கூட வேண்டாம், மாலை இருந்தால் போதும் என்று ஆயிற்று. பேட்டையின் வாசலில் ஒரு மாலைக் கடை வந்தது. லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்து முடித்ததும் டிரைவர்கள் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள், குப்பண்ணன் ஒவ்வொருவரையும் ஏற்றிப் பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். இறங்கிய ஆள் மாலையைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே லாரியில் ஏறிப் போனார். நாக்பூர் டோல்கேட்டில் இருந்தவர்கள் கழுத்தில் வாடிய மாலையோடு வரும் லாரிக்காரர்களைப் பார்த்து, தமிழ்நாட்டில் ஏதோ நீண்ட திருவிழா நடக்கிறதென்று நினைத்துக்கொண்டார்கள்.

அத்தியப்பனின் லாரிகள் நிற்கவே இல்லை. பைபாஸ் ரோட்டில் டிரைவர்களுக்காகக் கயிற்றுக் கட்டில் போட்டிருந்த ஓட்டல்காரர் கட்டில்களைச் சுவரில் சாய்த்து வைத்தார். வீட்டுக்கு வரும் ஆண்கள் உட்காரவில்லை. நின்றபடி சாப்பிட்டார்கள், நடந்தபடி பேசினார்கள், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போதும் ஒரு கால் மறு காலை மாற்றிக்கொண்டே இருந்தது. பாயில் படுத்தாலும் கண் கூரையில் ஓட்டையைத் தேடியது. எழுந்து போய் எதையாவது செய்தார்கள். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் மூன்று தடவை வெள்ளையடித்தாகிவிட்டது.

"எங்கூட்டுக்காரரு முந்தாநேத்து வந்தாருக்கா" என்றாள் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி. "வந்தவரு கெணத்துல எறங்கித் தூர் வாருனாரு. ஓட்டப் பிரிச்சு மறுபடி மேஞ்சாரு. பொழுதோட போயிட்டாரு. நான் முதுகத்தான் பாத்தேன்."

"உனக்காச்சும் முதுகு" என்றாள் நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணி. "எனக்கு ஹாரன் சத்தந்தான். அறுபதாங் கல்யாணம் பண்ணி எனக்கு என்ன மிச்சம்? ரெண்டாவது தாலிதான் மிச்சம்."

வரிசை சிரித்தது. மேகலாவும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது கையிலிருந்த பை கனத்தது. ஊரில் களைப்பு இருந்தது இப்போது பெண்களிடம் மட்டும்தான். அவர்கள் எப்போதும்போல எழுந்தார்கள், குழாயடிக்குப் போனார்கள், தறிக்குப் போனார்கள், சோறாக்கினார்கள், பொழுது சாய்ந்ததும் சுவரோரம் சரிந்து தூங்கினார்கள்.

பூபதி கல்யாணத்துக்குப் பிறகு வந்தது இரண்டு முறை. இரண்டாம் முறை வாசலிலேயே நின்று, வாங்கி வந்த ஆரஞ்சுப் பெட்டியைக் கொடுத்து, சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளுக்குக் காற்றடித்து, போய்விட்டான். அவன் லாரியில் ஏறும்முன் முன்சக்கரத்தின் பக்கத்தில் அவள் டீயோடு நின்றாள். அவன் நின்றபடியே ஒரே மடக்கில் குடித்து டம்ளரை அவள் கையில் கொடுத்தான். சரியாகக் கொடுத்தான், உறுதியான விரல்களோடு. அவளுக்கு அந்த டம்ளரை எறிய வேண்டும்போல இருந்தது.

போனில் மட்டும் தினமும் பேசினான்.

"சாப்டீங்களா மாமா?"

"ஓட்டிக்கிட்டே சாப்புட்டேன்."

"இப்ப எங்க?"

"ஒரிசா. இல்ல, தாண்டிட்டேன்."

"எப்ப வருவீங்க?"

அவன் யோசிப்பது கேட்டது. எஞ்சின் சத்தமும், அதற்குப் பின்னால் காற்றும், அதற்குப் பின்னால் அவன் யோசிப்பதும்.

"களைச்சா வந்துருவேன் மேகலா" என்றான்.

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவனும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் உடம்பு போதும் என்று சொல்லும், போதும் என்றதும் வீடு ஞாபகம் வரும், வண்டி தானாகத் தெற்கே திரும்பும். இப்போது உடம்பு ஒன்றும் சொல்வதில்லை. எல்லா ஊரும் ஒரே தூரத்தில் இருந்தன, வீடும் அவற்றில் ஒன்றாக இருந்தது.

இதற்குள் கார் களைத்துவிட்டது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. காலையில் கிளப்பினால் உடம்பைத் தூக்கி நிற்க வேண்டிய கார், பின்பக்கம் இடது மூலையில் தாழ்ந்தே கிடந்தது. தொட்டால் மூடிக்கொள்ளும் கதவு, பாதி வழியில் நின்று ஏதோ நினைத்துக்கொண்டு பிறகு மூடியது. சந்தன வாசனையும் மல்லிகை வாசனையும் வர வேண்டிய துவாரத்திலிருந்து டீசலும் பீடியும் ஈரத் தார்ப்பாயும் கலந்து வந்தன. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்ட பிறகும் திரையில் காபிக் கோப்பை எரிந்துகொண்டிருந்தது, ஆள் இல்லாத காருக்குள் அந்தக் குரல் கொஞ்சம் ஓய்வெடுங்கள், கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து வந்தவர்கள் மடிக்கணினியைச் செருகிப் பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். சீட்டைக் கழற்றி எடை பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார், மூன்று பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. வேறு சீட் வரும், பழையதைச் சென்னைக்கு எடுத்துப்போய் இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதை மேகலாவிடம் சொன்னவர் குப்பண்ணன். அவர் அவளுக்குச் சித்தப்பா முறை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை இல்லாத டீயைக் கலக்கிக்கொண்டே, "நாளைக்குக் கழட்டறாங்க. நல்லதுதான் போ. ஏறி உக்காந்தா எனக்கே முதுகு இழுக்குது" என்றார்.

"அதுக்குள்ள இருக்கறது?"

"எது?"

"மாமாவோடது. எல்லாத்தோடதும்."

குப்பண்ணன் கலக்குவதை நிறுத்தினார். "அதும் சேர்ந்துதான் தூளாகும்" என்றார்.

மேகலா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக அத்தியப்பனிடம் போனாள். அவர் புக்கிங் ஆபீஸ் வாசலில் நின்று, எங்கேயோ இருக்கும் ஒரு லாரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு முடித்ததும் போனை மடியில் செருகினார்.

"ஏஞ்சாமி, பவுனக் கேட்டா நாயம், நெலத்தக் கேட்டா நாயம். களைப்ப எவனாச்சும் திருப்பிக் கேப்பானா?"

"நான் கேக்கறனுங்க."

"உம்பட புருசன் ராசா மாதிரி ஓட்டிக்கிட்டிருக்கறான்."

"ஆமாங்க. ஓட்டிக்கிட்டேதான் இருக்கறாரு."

அத்தியப்பன் காரைப் பார்த்தார். அது வேப்பமர நிழலில் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. "நீங்க ஏனுங்க அதுல உக்காரல?" என்று மேகலா கேட்டாள்.

"பின்னால உக்காந்தா தலை சுத்தும்."

"அது எல்லாருக்குஞ் சொல்றதுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பொழுது சாஞ்சா உடம்பு வலிக்குது. வலிக்கறதுனாலதான் ஊட்டுக்குப் போறேன். அதும் இல்லீன்னா நான் எதுக்கு அங்க போறேன்?" சொல்லிவிட்டு அவருக்கே அது பிடிக்கவில்லை. "எங்கிட்டக் கேக்காத. வண்டி குப்பண்ணங் கையில" என்று போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

மாலைக் கடைக்காரர், "யாருக்கு அம்மிணி?" என்றார்.

"எனக்குத்தான்."

"மாப்பிள்ளை மாலைதான் இருக்குது."

"அதுதான் வேணும்."

கழுத்தில் மாலையோடு அவள் கார்க் கதவருகே வந்து நின்றபோது குப்பண்ணன் அவளையும் மாலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பொம்பளை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் காப்பாற்றிய விதியில் மாலை என்றுதான் இருந்தது, வேறொன்றும் இல்லை. கதவைத் திறந்துவிட்டார்.

"எந்தப் பொத்தான் சித்தப்பா?"

"ஒண்ணு. உம்பட மாமனுக்கு மட்டுந்தான் அமுக்குனேன். மத்தவனுகள எல்லாம் கை போன போக்குல தள்ளி உக்கார வெச்சதுதான்."

கதவு யோசித்து மூடிக்கொண்டது. பேட்டையின் சத்தம் முழுவதும் வெளியே நின்றுவிட்டது. ஒன்றாம் பொத்தானை அழுத்தியதும் சீட் முனகிக்கொண்டு அசைந்தது, தன்னுள் இருந்த எத்தனையோ உடம்புகளை விலக்கிக்கொண்டு ஒரு உடம்பைத் தேடியது, தேடிக் கண்டுபிடித்து அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அகலமான தோள், வலப்பக்கம் சற்றுச் சாய்ந்த இடுப்பு. காற்றுப் பைகள் மூச்சுவிடத் தொடங்கின.

அது பாதத்திலிருந்து வந்தது. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்காலில் சேர்ந்த வலி வந்தது, நெல்லூர் வெயில் வந்தது, ஒரு பக்கம் மட்டும் வெந்த கை வந்தது, விஜயவாடாவுக்கு அந்தப்பக்கம் மழையில் ஜாக்கி வழுக்கிய டயர் வந்தது, இறக்க ஆள் இல்லாமல் குடோன் வாசலில் வண்டிக்கு அடியில் கிடந்த மதியங்கள் வந்தன, மொழி தெரியாத போலீஸ்காரர்களுக்குச் சிரித்த சிரிப்புகள் வந்தன, பனியில் முன்னால் போகும் வண்டியின் ஒரே ஒரு சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு போன கண்ணெரிச்சல் வந்தது, பல்லைக் கடித்து விழித்திருந்த தாடை வந்தது, இவ்வளவும் ஒன்றின்மேல் ஒன்றாக அவள்மேல் ஏறி உட்கார, எல்லாவற்றுக்கும் அடியில், செம்மாம்பாளையத்துக்குத் திரும்பும் வளைவு வந்தது, பேட்டையின் புளித்த டீசல் வாசனை வந்தது, முதுகுக்குப் பின்னால் சூடான சக்கரம் வந்தது. பாதி மூடிய இமைக்குள் பச்சைத் தாவணி கட்டிய ஒருத்தி டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள். அவள் முகம் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் அவள் வந்துவிட்டாள், இனி விரல்களை விட்டுவிடலாம் என்று தெரிந்தது. மேகலா தன்னை அதற்குமுன் வெளியிலிருந்து பார்த்ததில்லை. அழுதாள்.

அந்தச் சீட் தன் வழக்கத்தை அவளுக்காக மாற்றிக்கொள்ளவில்லை. அவளுடையதையும் எடுத்துக்கொண்டது. டீக்கடைப் பாத்திரங்கள், குழாயடிக் குடங்கள், தறிச் சத்தத்தில் நின்ற நிற்பு, கல்யாணத்துக்குப் பிறகு வாசலைப் பார்த்த பார்வை, எல்லாம் சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கின. வந்தது போனதைவிடப் பெரிதாக இருந்ததால் அவள் அதைக் கவனிக்கவில்லை.

குப்பண்ணனும் ருக்குமணியும் இன்னும் இரண்டு பெண்களுமாக அவளைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. "உடம்புல லாரியவே ஏத்திக்கிட்டு வந்திருக்கறா" என்றாள் ருக்குமணி. மேகலா சுவரோரம் விழுந்து தூங்கினாள். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது கம்பெனிக்காரர்கள் கிரேன் கொண்டுவந்து சீட்டைக் கழற்றி வேனில் ஏற்றினார்கள். வேனின் ஸ்பிரிங் பட்டைகள் நசுங்க, அது பைபாஸ் ஏறி, ஆட்களை முந்தவிட்டு முந்தவிட்டு, சென்னைப் பக்கம் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அது கண்ணிலிருந்து மறையும்வரை ஏனென்று தெரியாமல் நின்றார்கள்.

விழித்ததும் அவள் பூபதியைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கறீங்க மாமா?"

"நாக்பூர் தாண்டிட்டேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்குக் கொட்டாவி வந்தது. அடக்க முடியாத கொட்டாவி, தாடை நோகத் திறந்து, கண்ணில் நீர் வழிந்து, பாதத்திலிருந்து புறப்பட்டு வந்த கொட்டாவி. முடிந்ததும் போனில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் பூபதி கொட்டாவி விட்டான். மாப்பிள்ளை அழைப்புக்குப் பிறகு முதல் தடவை.

"மேகலா" என்றான். "கால் வலிக்குது." ஏதோ தொலைந்தது கிடைத்தவன் குரல்.

"ஓரங் கட்டுங்க மாமா."

"கட்டறேன். கட்டறேன்."

அவள் மறுபடி விட்டாள், அவனும் விட்டான். அவளிடமிருந்து அது போகப் போக அவனிடம் சேர்ந்தது. அவன் கொட்டாவி விட்டபடி வண்டியை ஓரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் போன செம்மாம்பாளையத்து லாரிக்காரர் கொட்டாவி விட்டார், அவர் டோல்கேட் வரிசையில் விட்டதைக் கண்ணாடியில் பார்த்து நாச்சிமுத்து விட்டார், நாச்சிமுத்து ருக்குமணிக்குப் போன் போட்டுப் பேச்சுக்கு நடுவில் விட்டுவிட்டு, அப்படியே ராஜ்கோட் போய்க்கொண்டிருந்த தன் மச்சானுக்கும் போட்டார். ஒருவனின் பத்து வருஷத்துக்கும் மேலான களைப்பு, பிரித்துக்கொண்டால் ஒரு ஊருக்குப் போதுமானதாக இருந்தது. வடக்கே எல்லா ரோட்டோரங்களிலும் காய்ந்த மாலை தொங்கும் லாரிகள் நின்றன. கயிற்றுக் கட்டில்கள் விரிக்கப்பட்டன. தூங்கி எழுந்தவர்களுக்கு வீடு ஞாபகம் வந்தது, வண்டிகள் தெற்கே திரும்பின.

பூபதி வந்த மாலையில் டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. லாரியை நிறுத்தி இறங்கியவன் யாரிடமும் பேசாமல் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். மேகலா டீ கொண்டுவந்தாள். பாதி குடித்தான். டம்ளர் சாய்ந்தது. விரல்கள் விட்டன. அவள் எடுத்துக்கொண்டாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அவன் தூங்கினான். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்த பிறகும் தூங்கினான். ஊரே தூங்கியது. பேட்டையில் ஏற்றிய சிமெண்டு ஏற்றியபடி இருக்க, அத்தியப்பன் லாரிகளுக்கு நடுவில் போனும் கையுமாக நடந்து, பிறகு நடையைக் குறைத்து, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அவரும் கண்ணை மூடினார்.

மேகலா மட்டும் தூங்கவில்லை. அவன் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள், கண் கூரையைப் பார்த்தது. எழுந்து பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். தண்ணீர் எடுத்தாள், துணி துவைத்தாள், டீக்கடைப் பெஞ்சுகளைத் தேய்த்து நிறம் மாற்றினாள். சென்னியப்பன் "கொஞ்சம் உக்காரு சாமி" என்றார். உட்கார்ந்தாள். ஒரு கால் மறு காலை மாற்றிக்கொண்டே இருந்தது. அவன் களைப்பை அவள் அவனுக்குக் கொடுத்துவிட்டாள். அவளுடையது சென்னையில் ஏதோ இயந்திரத்தில் தூளாகிக்கொண்டிருந்தது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இத்தனை நாள் இதைத்தானே கேட்டோம் என்று நினைத்தாள், அப்படி நினைத்தபடியே கொடியில் காய்ந்த துணியை மடித்து, கலைத்து, மறுபடி மடித்தாள்.

ஒரு காலையில் அவன் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்தாள்.

பேட்டையில் குப்பண்ணன் மட்டும் முழித்திருந்தார். புதுச் சீட் போட்ட காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர், லாரியின் கதவைத் திறந்து ஏறும் அவளைப் பார்த்துத் துணியோடு ஓடி வந்தார்.

"ஏ புள்ள, உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"ரோடு தெரியுது சித்தப்பா. கையும் காலும் தானாப் போகுது."

"லைசென்சு?"

"மாலை போட்டுக்கிட்டாப் போதாதா?"

சிரித்தாள். சாவியைத் திருப்பினாள். பூபதி அந்த எஞ்சின் சத்தத்தைத் தூக்கத்திலும் அறிவான். எழுந்து, பாயின் வரிகள் கன்னத்தில் பதிந்திருக்க, தெருவில் நடந்து பேட்டை வாசல்வரை வந்துவிட்டான். லாரி அவன் பக்கத்தில் வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். மேலே ஜன்னலில் அவள் முகம் தெளிவாக இருந்தது.

"எங்க போற?"

"சிமெண்டு கெடக்குதுல்ல மாமா."

"எப்ப வருவ?"

அவன் நிற்க முடியாமல் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேகலா யோசித்தாள். கேலி செய்ய அவளுக்கும் தோன்றவில்லை. இறங்கிப் போய் அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுக்க வேண்டும்போல இருந்தது, அதே நேரம் கால் ஏற்கனவே கிளட்சின் மேல் இருந்தது.

"களைச்சா வந்துருவேன்" என்றாள்.